வார்த்திகனும் கோவலனும்

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையைக் கற்பிக்குங்கால், ஊழ்வினை என்னும் ஒரு சொல்லோடு பாடத்தை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அடியார்க்கு நல்லார் உரையும் இதற்கு இடந்தருகின்றது. கொல்லும்பொருட்டுக் கொணர்க என்று சொல்லக் கருதிய மன்னன், வினை விளையும் காலமாதலின், கொன்று கொணர்க என்று சொல்லிவிட்டான் என்பது அவர் கருத்து. நயமான உரைதான், ஆயினும் அது மன்னனின் குற்றத்தை அவன் நாவின்மேல் ஏற்றி, அவனைத் தப்பவிடுகின்றது.

இளங்கோவடிகள் காட்டுவது வேறு. மன்னன் அவ்வேளை அவையில் இல்லை. ஊடிய தேவியை நாடிச் செல்லும் வழியில் நிற்கின்றான். பொற்கொல்லன் ஒருவன் சொல்லே சான்று. சிலம்பு கள்வன் கையில் இருப்பின் கொல்க என்று நிபந்தனை விதித்தானே எனலாம். சிலம்பு கையில் இருந்தது மெய். அது எவர் சிலம்பு என்பதன்றோ வினா? இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று எனக் காவலர் தயங்கியபோது, கள்வர் கையாளும் எட்டு வழிகளைப் பொற்கொல்லன் அடுக்கினான். அவற்றுள் ஒன்றேனும் கோவலனைக் குறித்த சான்றன்று. முத்தா, மாணிக்கமா என்று பரலைப் பார்க்க ஒரு நொடி போதும் என்பது வழக்குரை காதையில்தான் வெளிப்படுகின்றது.

கட்டுரை காதையில் வார்த்திகன் வருகின்றான். பொறாமை கொண்டோர் பொய்ப்பழியால் அவன் சிறைப்பட்டான். ஐயை கோயிற்கதவு அடைபட, மன்னன் வினவி உண்மையறிந்து, அவனை விடுவித்துத் திருத்தங்காலும் வயலூரும் அளித்தான். பாண்டியர் செங்கோலுக்குச் சான்றாகவே மதுராபதி இதனைக் கண்ணகிக்கு உரைக்கின்றாள். ஆனால் வார்த்திகனைக் காத்தது, கைதுக்கும் தண்டனைக்கும் இடைப்பட்ட காலமேயன்றோ!

அவ்விடைவெளியைத் தெய்வத்திடம் விடாது எழுதிவைத்தது நம் கூட்டரசு அரசமைப்பின் 5ஆம் விதி. பிடியாணையின்றிக் கைதுசெய்யும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. ஆயினும் காரணம் கூறல் வேண்டும், வழக்கறிஞரைக் காணவிடல் வேண்டும், 24 மணி நேரத்துள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தல் வேண்டும். இவ்வேலியிலும் வாயில் உண்டு. 1960ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றி ஈராண்டு அடைத்துவைக்க அமைச்சருக்கு அதிகாரம் தந்தது. 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர் ஐவர் அச்சட்டத்தின்கீழ்க் கமுந்திங் முகாமில் வைக்கப்பட்டதை நம்மவர் மறவார். 2012இல் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சொஸ்மா, 28 நாள் வரை காவலில் வைக்க இடமளித்தது.

கண்ணகியையும் இதே கோலால் அளத்தல் வேண்டும். வழக்கை அவள் வென்றாள், மன்னனும் மாண்டான். பின்னர் மூண்ட தீ, தீர்ப்பின்மேல் ஏற்றப்பட்ட தண்டனை. சட்டம் விதித்திருந்ததற்கு மேற்பட்ட தண்டனை எவர்க்கும் கூடாது என்பது நம் 7ஆம் விதி. அறவோரையும் முதியோரையும் குழவியரையும் தீயினின்று விலக்கினாள். வழக்கறியாத ஏனைய மதுரை மக்கள் செய்த குற்றம் யாது? இவ்வாறு வினவும் மாணவனுக்குக் கற்பின் ஆற்றல் என்னும் விடை போதாது.