தெருவரை நீண்ட பள்ளி

லெனார்ட் கோவெல்லோவைப் போல ஒரு தலைமையாசிரியர் வாய்ப்பது ஊர் செய்த பாக்கியம். 1887இல் தெற்கு இத்தாலியின் அவில்லியானோவில் பிறந்து, சிறுவயதிலேயே நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமுக்குக் குடிபெயர்ந்தவர். வீட்டில் பேசும் மொழியைப் பிள்ளைகள் பள்ளியில் மறைத்துக்கொண்ட காலம் அது. ஆசிரியரானதும், பிரெஞ்சு, ஸ்பானிஷுக்கு நிகராக இத்தாலிய மொழிக்கும் நகரப் பள்ளிகளில் இடம் கேட்டுப் போராடினார். 1922இல் அது கிடைத்தது.

1934இல் தொடங்கிய பெஞ்சமின் ஃபிராங்க்ளின் உயர்நிலைப் பள்ளிக்கு அவரே முதல் தலைமையாசிரியர். 1956 வரை அங்கேயே இருந்தார். அவருடைய கைத்திறன் முழுதும் தெரிவது இங்கேதான். இரவிலும் பள்ளி திறந்திருக்கும். பெரியவர்கள் வந்து ஆங்கிலம் படிப்பார்கள். பக்கத்துத் தெருக்களின் கடையறைகளில் படிப்பகமும் மன்றங்களும் நடந்தன. இத்தாலியர், புவெர்ட்டோ ரிக்கோக்காரர், கறுப்பினத்தவர் என எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். தங்கள் பகுதிக்கு நல்ல குடியிருப்பு வேண்டும் என்ற இயக்கத்தில் மாணவர்களும் பெற்றோரும் சேர்ந்து நின்றார்கள். குடிமையியல் பாடத்தை இதைவிட நன்றாக எந்தப் புத்தகம் நடத்தும்?

பிள்ளையைப் புரிந்துகொள்ள அவன் வீட்டையும் தெருவையும் அறிய வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை ஒரு அரசுப் பள்ளியின் அன்றாட வேலையாக்கினார். அவரிடம் நான் வியப்பது அதைத்தான்.