நாணல் மீண்டும் பூக்கும்வரை

கையில் பணமின்றி முதற்படம் எடுத்தவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ‘பதேர் பாஞ்சாலி’யை நினைவுகூர்கிறோம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் வங்க நாவலைத் தழுவி சத்யஜித் ரே இயக்கிய இப்படம் 1955இல் வெளிவந்தது. மறு ஆண்டு கான் விழாவில் ‘சிறந்த மானுட ஆவணம்’ என்னும் பரிசுடன், அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் சிறப்புப் பாராட்டையும் பெற்றது. ஆனால் வறுமைதான் இக்கலையைப் பெற்றெடுத்தது என்று சொல்லிவிடலாமா?

நடந்ததைப் பார்ப்போம். விளம்பர நிறுவனமொன்றில் ஓவியராக இருந்த ரே, 1952 அக்டோபரில் நாணற்பூ வெளியில் படப்பிடிப்பைத் தொடங்கினார். அடுத்த முறை சென்றபோது பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. நாணல் மீண்டும் பூக்கும்வரை அக்காட்சி காத்திருந்தது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் மீது கடன் வாங்கினார்; இசைத்தட்டுகளை விற்றார்; மனைவியின் நகைகளும் அடகுக்குப் போயின. மாதக்கணக்கில் வேலை நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசின் பணமே படத்தை முடித்துவைத்தது. அதற்குள் சிறுவன் அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, முதுமையின் எல்லையிலிருந்த சுனிபாலா தேவி இறந்துவிடவில்லை என்பதை ரே அற்புதங்களாகவே எண்ணினார். ஆக, பணமின்மை இப்படத்தைப் பெற்றெடுக்கவில்லை, கொன்றுவிடவே பார்த்தது.

படத்தின் எளிமையோ வேறிடத்தில் பிறந்தது. 1950இல் இலண்டனில் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ படத்தைக் கண்டபோதே, உண்மையான இடங்களும் பழகாத முகங்களும் போதும் என்று ரே தெளிந்துவிட்டார். வத்திக்கான் 1995இல் வெளியிட்ட சிறந்த படங்களின் பட்டியலில் அந்த இத்தாலியப் படமும் உண்டு. எளிமை தேர்ந்துகொண்டது, வறுமை நேர்ந்தது. இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

இந்திய வறுமையை வெளிநாட்டில் விற்றார் என்ற பழியும் ரேயின் மீது விழுந்தது. படத்தை ஊன்றிப் பார்த்தால் அப்பழி நிற்காது. இல்லாமை இங்கே அழகூட்டப்படவில்லை. நல்லவளான சர்வஜயா, பசித்த குடும்பத்தின் பாரம் தாளாமல், முதிய இந்திரைத் துரத்துகிறாள். கிழவி மூங்கில் தோப்பில் இறந்துகிடக்கிறாள். வறுமை நெஞ்சையும் வறளச் செய்யும் என்று காட்ட ரே தயங்கவில்லை. எளியோரைப் பேறுபெற்றோர் என்று மேடையில் எளிதாகச் சொல்லிவிடும் நம்மை இக்காட்சி உறுத்தவேண்டும்.

துர்கா இறந்தபின், அவள் திருடவில்லை என்று மறுத்த மணிமாலை அப்புவின் கையில் அகப்படுகிறது. யாரிடமும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிகிறான். பாசி மெல்ல மூடிக்கொள்கிறது. அந்தக் காட்சிக்கு வேண்டியவை ஒரு சிறுவன், ஒரு குளம், ஒரு மாலை. ஆனால் அது திரைக்கு வந்து சேர ஒரு பெண்ணின் நகைகளும் தேவைப்பட்டன. கைம்பெண்ணின் காணிக்கையைப் போற்றும் நாம், இயக்குநரைப் புகழும்போது அந்த நகைகளையும் நினைப்பது நேர்மை.