பறக்கும்போதே திருத்தப்படும் எரிபொருள் அட்டவணை

அமெரிக்காவில் சிறு விமானங்களைத் தம் கையாலேயே கட்டிப் பறப்பவர்களுள் ஒரு சாரார், காருக்கென உருவான மாஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினை நெடுங்காலமாகத் தம் விமானங்களில் பொருத்தி வருகின்றனர். ஃபெலிக்ஸ் வான்கெலின் கருத்திலிருந்து பிறந்து, 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் முதன்முதலாக ஓடிக்காட்டிய இவ்வகை எஞ்சினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முட்டை வடிவ அறைக்குள் முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்ற, அதன் மூன்று முனைகளிலும் உள்ள அடைப்புத் தகடுகள் அறைச்சுவரை உரசியபடி வாயுவைப் பிடித்துவைக்கின்றன. 13பியில் இத்தகைய சுழலிகள் இரண்டு, ஒவ்வொன்றின் கொள்ளளவும் 654 கன செ.மீ. காரில் அது எப்படி எரிபொருள் குடிக்க வேண்டும் என்பதை மாஸ்டாவின் பொறியாளர்கள் வகுத்துக் கொடுத்திருந்தாலும், விமானத்தில் அந்தக் கணக்கு செல்லாது என்பதால், அதைப் புதிதாக எழுதும் பொறுப்பு விமானத்தைக் கட்டியவர் தலையிலேயே விழுகிறது. அவர்களிற் பலர் அதை எழுதும் இடம் வானம். விமானத்தை ஓட்டிக்கொண்டே எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகி, காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை சரியாக அமைந்த இடத்தில் அந்தத் திருத்தத்தை எஞ்சினை இயக்கும் கணினியில் பதிந்துவிடுகிறார்கள். இப்பழக்கத்துக்கு வலுவான நியாயம் உண்டு. அதற்கிணையான ஆபத்தும் உண்டு.

மின்னணு எரிபொருள் பீச்சு முறையில், கணினியின் ஆணைக்கேற்பச் சில மில்லி விநாடிகள் மட்டும் திறந்து மூடும் இன்ஜெக்டர் எனும் நுண்வால்வு எரிபொருளைத் தூவுகிறது. எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கணினி ஓர் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் ஓர் அச்சில் எஞ்சின் சுற்று வேகமும், மற்றோர் அச்சில் உள்ளிழு குழாயில் நிலவும் காற்றழுத்தமும் அமைந்திருக்க, ஒவ்வொரு கட்டத்திலும் அந்நிலைக்குரிய அளவு எழுதப்பட்டிருக்கும். காற்று 14.7 பங்கும் பெட்ரோல் 1 பங்கும் சேர்ந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். முழுத் திறன் வேண்டுமாயின் காற்றின் பங்கை 12.5 முதல் 13 வரை குறைத்துச் செறிவாக்க வேண்டும்; சீராகப் பறக்கும்போது சிக்கனம் கருதி 16 வரைகூட மெலியவிடலாம்.

இந்த அட்டவணையைத் தரையிலேயே நிரப்பிவிடலாமே என்ற கேள்வி எளிதில் எழும். நிலையான கோணமுடைய புரொப்பெல்லர் பூட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திய விமானத்தில், சுற்று வேகமும் உள்ளிழு அழுத்தமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே ஏறி இறங்குகின்றன. அட்டவணையின் குறுக்கே செல்லும் ஒற்றைக் கோட்டை விட்டு அவை விலகுவதில்லை. ஆனால் 8,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 22 பாதரச அங்குலமாகக் குறைந்துவிட, காற்றுத் தடுப்பிதழை முழுதும் திறந்தாலும் அதற்குமேல் கிடைக்காத நிலையில், முன்னோக்கிய வேகம் புரொப்பெல்லரின் சுமையைக் குறைப்பதால் எஞ்சின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓட முடிகிறது. தரையில் அதே 22 அங்குலத்தில் இந்த வேகத்தை எட்டவே முடியாது. இறங்குகையில் எதிர்க்காற்று புரொப்பெல்லரைச் சுழற்ற, அழுத்தம் குறைந்தும் சுற்று மிகுந்தும் இருக்கும் கட்டங்களின் நிலையும் இதுவே. மேலும், உயரத்தில் வெளியேற்று வழியின் எதிரழுத்தம் தளர்வதால், உள்ளிழு அழுத்தம் மாறாதபோதும் அறைக்குள் புதுக்காற்று சற்றுக் கூடுதலாகவே புகுகிறது. உள்வாங்கும் துளையும் வெளியேற்றும் துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும் பழைய 13பியில் இது குறிப்பிடத்தக்கது. ஆகவே வானில் மட்டுமே எட்டக்கூடிய கட்டங்களுக்கான அளவு வானிலிருந்துதான் வர வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

ரோட்டரி எஞ்சினின் பொறுமையும் இப்பழக்கத்துக்குத் துணைநிற்கிறது. பிஸ்டன் எஞ்சினில் கலவை தவறினால் வெளியேற்று வால்வு கருகுமோ என்ற அச்சம் உண்டு. இங்கே கருகுவதற்கு வால்வே இல்லை. இயல்பாகக் காற்றிழுக்கும் 13பி, கலவை சற்று மெலிந்தாலும் செறிந்தாலும் பெரும்பாலும் திறன் குறைந்து முனகுவதோடு நின்றுவிடுகிறது. டர்போ பூட்டிய எஞ்சினுக்கு இந்தச் சலுகை இல்லை. கலவை மெலிந்து கட்டுக்கடங்காத வெடிப்பு நேர்ந்தால், முனைத் தகடு நொடியில் உடையக்கூடும்.

பழக்கத்தின் மெய்யான குறை வேறிடத்தில் இருக்கிறது. அட்டவணையின் ஒரு கட்டத்தில் தென்படும் பிழைக்குக் காரணம் அந்தக் கட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. 13பியில் ஒவ்வொரு சுழலிக்கும் முதன்மை இன்ஜெக்டர் ஒன்றும் துணை இன்ஜெக்டர் ஒன்றும் உண்டு. குறைந்த சுமையில் முதன்மை மட்டும் இயங்க, தேவை பெருகும்போது துணையும் சேர்ந்துகொள்கிறது. எந்த இன்ஜெக்டரும் மின்சாரம் பெற்றவுடன் திறந்துவிடுவதில்லை. திறப்பதற்குள் கழியும் வீண் நேரம் 1 மில்லி விநாடி எனக் கொண்டால், 10 மில்லி விநாடி ஆணை பெற்ற முதன்மை இன்ஜெக்டர் 9 மில்லி விநாடிக்கு உரிய எரிபொருளையே தரும். துணை சேரும் கணத்தில், வீண் நேரம் கணக்கில் பதியப்படாத கணினி, அந்தப் பத்தை ஐந்தைந்தாகப் பங்கிடும். ஒவ்வொன்றிலும் 1 வீணாக, கிடைப்பது நான்கும் நான்குமாக எட்டே. 12.8 ஆக இருந்த கலவை ஒரே தாவலில் 14.4 ஆக மெலிகிறது. இது நேரக்கூடிய வேளைகளுள் ஒன்று, ஓடுபாதையை விட்டு எழுந்தவுடன் முழுத் திறனும் தேவைப்படும் வேளை.

இத்தடுமாற்றத்தை உணரும் விமானி, அந்தக் கட்டத்தைச் செறிவாக்கிப் பதிந்துவிட்டால் எஞ்சின் அமைதியடையும்; ஆனால் நோய் அப்படியே இருக்கும். இன்ஜெக்டரின் வீண் நேரம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. மின்னாக்கி பழுதாகி 14 வோல்ட் 12ஆக இறங்கும் நாளில் அந்த நேரம் நீள, வானில் போட்ட ஒட்டு போதாமற் போகும். திருத்த வேண்டியிருந்தது கணினியில் தனியே பதியப்படும் வீண் நேர மதிப்பு, திருத்தப்பட்டதோ அட்டவணை. குமிழைத் திருகிப் பதியும் முறை இவ்விரண்டையும் பிரித்தறிய விமானிக்கு அவகாசமே தருவதில்லை. இதுவே அதன்மீது வைக்கத்தக்க மிகக் கடுமையான குற்றச்சாட்டு.

கருவிகளும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. வெளியேற்று வாயுவில் எஞ்சும் ஆக்சிஜனை அளந்து கலவை விகிதத்தைச் சொல்லும் உணரி, ஈயம் கலந்த 100எல்எல் விமான பெட்ரோலில் விரைவில் கெட்டுவிடுகிறது. அது நன்றாக இருக்கும்போதும், குறைந்த சுமையில் ரோட்டரி எஞ்சின் இடையிடையே எரியத் தவறினால், எரியாத காற்றின் ஆக்சிஜனைக் கண்டு கலவை மெலிந்திருப்பதாகத் தவறாகச் சொல்லும். கணினியின் தன்னியக்கத் திருத்தம் அதை நம்பி மேலும் எரிபொருளை ஊற்ற, எரியத் தவறுவது இன்னும் மிகும். வெளியேற்று வெப்பமானியை மட்டும் நம்பினாலும் குழப்பம் தீராது, ஏனெனில் வெப்பநிலை உச்சத்தின் செறிந்த பக்கமும் மெலிந்த பக்கமும் ஒரே வெப்பநிலையைக் காட்ட முடியும்.

இவற்றோடு, சோதனைப் பறப்பில் விமானி பெரும்பாலும் தனியாக இருக்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வகைச் சான்று பெறாத எஞ்சினுடன் கட்டப்பட்ட விமானத்துக்கு அமெரிக்காவில் வழக்கமாக 40 மணி நேரச் சோதனைக் காலம் விதிக்கப்படுகிறது. அதில் தகுதியுள்ள இரண்டாம் விமானி ஒருவரை ஏற்றிச்செல்ல 2014 முதல் வழி திறந்திருந்தும், திரையைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதும் ஒருவர் வேலையாகவே தொடர்வது வருந்தத்தக்கது. ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சினைச் சிறிது நேரம் நிலைநிறுத்தி அளவுகளைக் கணினியில் சேகரிப்பதோடு பறப்பை நிறுத்திக்கொண்டு, அட்டவணையைத் தரையில் ஆராய்ந்து மாற்றுவதே தக்க முறை. வேகம் குறையும், பறப்புகள் கூடும். ஆயினும் பக்கத்துக் கட்டங்களோடு ஒப்பிட்டு, ஒரே இடத்தில் துருத்தி நிற்கும் எண்ணின் காரணத்தைத் தேட அதுதான் இடம்தருகிறது. பறக்கும்போது குமிழ் கையருகே இருக்க வேண்டியது அவசியமே, ஆனால் அது எஞ்சின் நின்றுவிடாமல் காக்கும் அவசரக் கருவியாக இருந்தாற் போதும்.

இன்னொன்றும் எளிதில் மறக்கப்படுகிறது. எஞ்சின் மின்சாரத்தை நம்பியே ஓடுவதால், கவனமுள்ளோர் கணினியை இரட்டையாகப் பொருத்துகிறார்கள். முதற்கணினியில் வாரக்கணக்கில் செதுக்கிய திருத்தங்கள் இரண்டாவதில் தாமாக ஏறிவிடும் என்று எல்லா அமைப்புகளிலும் எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் அட்டவணையை மற்றதற்கும் படியெடுத்து, இறங்குவதற்கு வசதியான ஓடுபாதைக்கு நேர்மேலே போதிய உயரத்தில் பறந்தபடி, சொடுக்கியை மாற்றி அக்கணினியிலும் எஞ்சின் எல்லாச் சுமைகளிலும் ஓடுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.