ஹிஜாபும் ஃபேஷன் நிழற்படங்களும்

மேலைநாட்டு ஃபேஷன் உலகில் தலையை மறைத்த முஸ்லிம் பெண்ணின் உருவம் இடம்பெறத் தொடங்கிப் பத்தாண்டுகள் கடந்துவிட்டன. 2015-இல் ஸ்வீடன் நிறுவனமான எச் அண்ட் எம் வெளியிட்ட விளம்பரப் படமொன்றில் மரியா இத்ரீஸி ஹிஜாபுடன் தோன்றினார். 2016 ஜனவரியில் இத்தாலியின் டோல்ச்சே அண்ட் கபானா நிறுவனம் அபாயாக்களையும் ஹிஜாபுகளையும் கொண்ட ஆடைத் தொகுதியை அறிமுகம் செய்தது. 2017-இல் நைக்கி நிறுவனம் விளையாட்டு வீராங்கனைகளுக்கான ஹிஜாபைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2018 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ நகரின் டி யங் அருங்காட்சியகம், தற்கால முஸ்லிம் உடைகளுக்கெனத் தனிக் கண்காட்சியையே நடத்தியது. இவற்றை அங்கீகாரம் எனக் கொண்டு மகிழ்ந்தோர் உண்டு. மார்க்கத்தின் அடையாளம் விற்பனைப் பண்டமாகிவிட்டதென வருந்தியோரும் உண்டு. இவ்விரு சாராரின் விவாதமும் பெரும்பாலும் துணியின் அளவைச் சுற்றியே அமைந்தது. அத்துணியை உடுத்திய பெண் எவ்வாறு படமாக்கப்பட்டாள், அப்படத்தில் முடிவெடுத்தவர் யார் என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை.

ஃபேஷன் இதழ்களில் வரும் நிழற்படத் தொகுப்பு நேரடி விளம்பரம் அன்று. விளம்பரத்திற்குரிய பக்கத்தை நிறுவனம் விலைகொடுத்து வாங்குகிறது. இத்தொகுப்போ ஆசிரியர் குழுவின் படைப்பாக, ஒரு கதையின் சாயலுடன், பல பக்கங்களுக்கு விரிகிறது. எனினும் படத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஆடையின், காலணியின், நகையின் நிறுவனப் பெயர்கள் தவறாது இடம்பெறும். ஆசிரியர் கருவைத் தீர்மானிக்கிறார். ஸ்டைலிஸ்ட் உடைகளைத் தேர்ந்து உடுத்துகிறார். நிழற்படக் கலைஞர் ஒளியையும் கோணத்தையும் வகுக்கிறார். மாடலாக நிற்கும் பெண்ணின் கருத்து பெரும்பாலும் இறுதியிலேயே கேட்கப்படுகிறது. சில வேளைகளில் கேட்கப்படுவதே இல்லை. ஹிஜாப் இத்தகைய ஏற்பாட்டினுள் நுழையும்போது, அணிபவரின் நிய்யத்திற்கும் படத்தின் நோக்கத்திற்கும் இடையே விலகல் தோன்றுவது இயல்பே.

வோக் அரேபியாவின் முதல் அச்சிதழ் 2017 மார்ச்சில் வெளிவந்தது. அதன் அட்டையில் இடம்பெற்றவர் ஜிஜி ஹதீத். பாலஸ்தீனத் தந்தைக்குப் பிறந்த அவர் அன்றாட வாழ்வில் ஹிஜாப் அணிபவர் அல்லர். மணிகள் பதித்த வலைத்துணி அவருடைய முகத்தைப் பாதி மறைத்தது. மறைத்த இடமே பார்வையை ஈர்க்கும் இடமாக அமைந்தது. அரபு நாட்டுப் பெண்களை முகத்திரையுடன் காட்டும் பழக்கம் ஐரோப்பியருக்குப் புதிதன்று. பிரெஞ்சு ஆட்சிக்கால அல்ஜீரியாவில் அச்சிடப்பட்ட அஞ்சலட்டைகள் அவர்களை இவ்விதமே காட்டின என்பதை மாலிக் அல்லூலா 1981-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். 1960-இல் மார்க் கராஞ்சே என்னும் பிரெஞ்சு இராணுவ வீரர், அடையாள அட்டைகளுக்காகச் சுமார் 2,000 அல்ஜீரியப் பெண்களைத் திரை விலக்கச் செய்து படமெடுத்தார். அப்படங்களில் அப்பெண்களின் கண்கள் வெளிப்படுத்தும் சினம் இன்றும் காண்போரை உலுக்குகிறது. அஞ்சலட்டை திரையை அணிவித்தது. இராணுவம் திரையை நீக்கியது. இரண்டிலும் பெண்ணின் விருப்பத்திற்கு இடமில்லை. அரபுப் பெண்களுக்கென்றே தொடங்கப்பட்ட இதழ், தன் முதல் அட்டையில் இந்தப் பழைய மரபிலிருந்து விடுபடவில்லை என்பதே நம் மதிப்பீடு.

இதற்கு மாறானதாக முதலில் தோன்றியது ஹலீமா ஆதனின் வருகை. சோமாலியப் பெற்றோருக்கு 1997-இல் கென்யாவின் ககுமா அகதிகள் முகாமில் பிறந்த அவர், பின்னர் அமெரிக்காவின் மினசோட்டாவில் வளர்ந்தார். ஹிஜாபைக் களைவதில்லை என்னும் நிபந்தனையுடனேயே அவர் மாடலிங் ஒப்பந்தத்தை ஏற்றார். 2017 ஜூனில் வோக் அரேபியாவின் அட்டையிலும், 2018 மே மாதம் பிரிட்டிஷ் வோக்கின் அட்டையில் வேறு எண்மருடனும் இடம்பெற்றார். 2019-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழின் நீச்சலுடைச் சிறப்பிதழில் புர்கினி அணிந்து தோன்றினார்; அப்படங்கள் அவர் பிறந்த கென்யாவின் வதாமு கடற்கரையில் எடுக்கப்பட்டவை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 2016 கோடையில், பிரான்சின் கடற்கரை ஊர்கள் பல அதே உடையைத் தடைசெய்திருந்தன. அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்ட் 26 அன்று ஓர் ஊரின் தடையை இடைநிறுத்த வேண்டியதாயிற்று. இப்பின்னணியில் ஹலீமாவின் படங்களைப் பலர் வெற்றியாகக் கொண்டாடியதில் வியப்பில்லை.

ஆயினும் 2020 நவம்பரில் ஹலீமாவே அத்துறையிலிருந்து விலகுவதாக அறிவித்தார். தொழுகைகள் தவறியதையும், ஹிஜாபுக்குப் பதிலாகத் தம் தலையில் ஜீன்ஸ் துணி சுற்றப்பட்ட விளம்பரப் படத்தையும் அவர் நினைவுகூர்ந்தார். ஹிஜாபின் பொருளை உணர்ந்த முஸ்லிம் பெண் ஸ்டைலிஸ்டுகள் இல்லாமையை ஒரு காரணமாகச் சுட்டினார். தம் தாயார் வெகுகாலமாகவே அத்தொழிலைக் கைவிடுமாறு கோரி வந்ததையும் தெரிவித்தார். ஒப்பந்தம் அவருடைய தலை மறைந்திருக்க வேண்டும் என்னும் உறுதியைத் தந்தது. எதனால் மறைப்பது என்னும் உரிமையை அவரிடம் விட்டுவைக்கவில்லை. ஹிஜாபின் வடிவம் படத்தில் எஞ்சியது. அதன் பொருள் வெளியேற்றப்பட்டது. 2021-இல் அவர் துருக்கியின் மொடனிசா நிறுவனத்துடன் இணைந்து தலைத்துணிகளை வடிவமைக்க முன்வந்தார். அழகின் மீதோ உடையின் மீதோ அவருக்கு வெறுப்பு இல்லை என்பதும், முடிவெடுக்கும் இடத்தையே அவர் நாடினார் என்பதும் இதனால் புலனாகின்றன.

இஸ்லாம் அழகுக்கு எதிரானதன்று. அல்அஃராஃப் அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் உடையை மானத்தை மறைப்பதாகவும் அலங்காரமாகவும் ஒருங்கே குறிப்பிட்டு, தக்வா என்னும் உடையே மேலானது என்கிறது. அல்லாஹ் வழங்கிய அலங்காரத்தைத் தடைசெய்தவர் யார் என அதே அத்தியாயத்தின் 32-ஆம் வசனம் வினவுகிறது. நல்ல உடையையும் காலணியையும் விரும்புவது பெருமையாகுமா என்ற ஐயத்திற்கு நபிகள் நாயகம் (ஸல்) அளித்த விடை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அல்லாஹ் அழகை நேசிப்பவன் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் அவர்கள் விளக்கினார்கள். அதே வேளை, புகழுக்காக அணியும் உடையைக் கண்டிக்கும் நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் காணப்படுகிறது. ஃபேஷன் இதழின் பக்கம் அடிப்படையில் புகழுக்கான உடையின் களமாகும். மேலும், அந்நூர் அத்தியாயம் 30-ஆம் வசனத்தில் ஆண்களின் பார்வையைத் தாழ்த்தச் சொன்ன பின்னரே 31-ஆம் வசனத்தில் பெண்களின் உடை குறித்துப் பேசுகிறது. உடையின் ஒழுக்கமும் பார்வையின் ஒழுக்கமும் அங்கு இணைந்தே வருகின்றன. பார்வையைக் கவர்வதையே தொழிலாகக் கொண்ட படம் அவ்விணைப்பில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

எனினும் நிழற்படக் கலையே இதற்கு இயலாதது எனக் கூறிவிட முடியாது. மொராக்கோவில் பிறந்த ஹஸன் ஹஜ்ஜாஜ் தம் 'கெஷ் ஏஞ்சல்ஸ்' தொடரில், மராக்கேஷ் நகரப் பெண்களை ஜெல்லாபாவும் முகத்திரையுமாக மோட்டார் சைக்கிள்களில் அமர்த்திப் படமெடுத்தார். ஃபேஷன் தொகுப்பின் மொழியையே கையாண்டு, படச்சட்டங்களில் கடைச் சரக்கு டப்பாக்களை வரிசையாக அடுக்கி, அம்மொழியை அவர் எள்ளுகிறார். அவருடைய பெண்கள் பார்ப்பவரை நேருக்கு நேர் எதிர்கொள்கின்றனர். ஈராக்கில் பிறந்த விஸாம் அல்பத்ரி, புகழ்பெற்ற ஆடம்பர நிறுவனங்களின் பட்டுத்துணிகளால் நிகாபுகள் அமைத்துப் படமெடுத்தார். டி யங் கண்காட்சியில் அவை இடம்பெற்றன. மதிப்புமிக்கதெனப் போற்றப்படும் துணி, முகத்தை மறைத்தவுடன் அச்சத்திற்குரியதாகிவிடுமா என அப்படங்கள் வினவுகின்றன. விற்பனைக்கான படங்கள் எழுப்பத் துணியாத வினா இது.

இன்னொரு இழப்பும் உண்டு. இதழ்களும் நிறுவனங்களும் முன்வைக்கும் முஸ்லிம் உடை பெரும்பாலும் வளைகுடாவின் அபாயாவையே மாதிரியாகக் கொள்கிறது. இந்தோனேசியாவின் பாத்திக் துணியும், தமிழ் முஸ்லிம் பெண்கள் தலைமுறைகளாகப் போர்த்திவந்த வெண்ணிறத் துப்பட்டியும் அதே ஒழுக்க நெறியின் வெவ்வேறு வடிவங்களே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் துப்பட்டி பின்வாங்கிக் கறுப்பு அபாயா பரவியதற்கு வளைகுடாத் தொழில் தொடர்பு உள்ளிட்ட காரணங்கள் பல. அவற்றை ஃபேஷன் இதழ்களின் மீது சுமத்துவது பொருந்தாது. ஆனால் ஒற்றை உருவத்தை உலகெங்கும் பரப்பும் படங்கள் இப்பன்மையை நினைவிலிருந்தும் அகற்றிவிடும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எனவே, ஹிஜாப் அணிந்த பெண்ணின் படத்தைக் கண்டவுடன் பெருமிதம் கொள்வதோ கண்டனம் தெரிவிப்பதோ போதாது. உடையைத் தேர்ந்தவர் யார், அதன் பொருளை அறிந்தவர் அக்குழுவில் இருந்தனரா, அப்பெண்ணால் மறுப்புக் கூற முடிந்ததா, தொழுகைக்கு நேரம் இருந்ததா என்பனவே கேட்கத்தக்கவை. நிழற்படத்தையும் வடிவமைப்பையும் இதழியலையும் கற்கும் முஸ்லிம் பெண்களுக்கு இது ஒரு பொறுப்பையும் உணர்த்துகிறது. நிழற்படக் கருவியின் முன்னால் நிற்கும் இடம் கிடைத்துவிட்டது. அதன் பின்னாலும், ஆசிரியரின் மேசையிலும் இடம்பெறுவதே இனி ஆகவேண்டிய பணியாகும்.