கரையும் கமெராவும்: மாணவர் விளம்பரப் படமொன்றை முன்வைத்துச் சில கருத்துக்கள்

இலக்கிய விமர்சனத்தின் அளவுகோல்களை மூன்று நிமிட விளம்பரப் படமொன்றிற்குப் பிரயோகித்தல் தகுமா என்ற வினா எழலாம். தகும் என்பதே எமது கருத்து. தமிழ்ச் சினிமாவை அரசியற் தொடர்பூடகமாகக் கொண்டு பேராசிரியர் கா. சிவத்தம்பி ஆராய்ந்ததன் பின்னர், வெகுசனக் கலை வடிவங்களை ஆய்வுக்கு அப்பாற்பட்டவையென ஒதுக்குவதற்கு எமக்கு நியாயமில்லை. நாவலொன்று ஆண்டுக்கணக்கில் அடையும் வாசகர் தொகையைச் சிறு வீடியோப் படமொன்று சில நாட்களில் அடைந்துவிடுதல் இன்று அரிதன்று. அதனிலும் முக்கியமானது, தமது பிரதேசத்தை இளைஞர் எவ்வாறு காண்கின்றனர், எவ்வாறு காணும்படி பழக்கப்பட்டுள்ளனர் என்பதை இப்படங்கள் மறைப்பின்றி வெளிப்படுத்துகின்றன என்பதாகும்.

நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் படம் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் எடுக்கப்பட்டது. ஊடகக் கல்வி பயிலும் மாணவர் சிலர், தமது நிறுவனத்தில் அடுத்த ஆண்டு சேரவிருப்போரைக் கவரும் நோக்குடன் அதனைத் தயாரித்தனர். திட்டமிடுதலுக்கு மூன்று வாரம், ஒளிப்பதிவுக்கு ஓகஸ்ட் மாதத்தில் இரண்டு நாள், படத்தொகுப்புக்கு ஒரு வாரம் என அவர்தம் உழைப்பு அமைந்தது. ஆலோசகர் என்ற முறையில் இம்மூன்று கட்டங்களிலும் நாம் உடனிருந்தோம். எனவே, பின்வரும் விமர்சனத்தின் ஒரு பகுதி எம்மீதானதே. தொழில்நுட்ப நிலையிற் படம் பாராட்டுக்குரியது. காட்சிகள் தெளிவானவை, கமெரா நடுங்கவில்லை, இசையும் அசைவும் ஒத்துச் செல்கின்றன. ஆயினும், முடிந்த படத்தைக் கண்டபோது எம்முள் எழுந்த வினா ஒன்றே: இக்கரையிலே தொழில் செய்யும் மனிதர் எங்கே?

இவ்வினாவுக்கு விடைகாண, படம் காகிதத்தில் இருந்த நிலைக்குச் செல்லவேண்டும். மாணவர் வகுத்த காட்சி அட்டவணையில் ஐந்து நிரல்கள் இருந்தன: இடம், நேரம், வெளிச்சத்தின் திசை, தோன்றுவோர், தேவைப்படும் கருவிகள். முகங்களில் நிழல் கருமையாக விழும் நண்பகலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் மட்டுமே படமெடுப்பதெனத் தீர்மானித்திருந்தனர். பறக்கும் கமெராவைப் பயன்படுத்துவதற்குச் சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகள் உண்டென்பதையும் மறக்கவில்லை. இவை யாவும் நன்றே. ஆனால், குறித்த இடத்திற் குறித்த நேரத்தில் யார் என்ன தொழில் செய்வர் என்பதற்கு அங்கு ஒரு நிரல் இருக்கவில்லை. அவ்வட்டவணைக்கு ஒப்பமிட்ட எமக்கும் அது தோன்றவில்லை. கற்பிட்டிக் கடற்கரை, பாலாவி உப்பளம், களப்போரம் ஆகிய மூன்றும் 'வெளிப்புறம்' என்ற ஒரே சொல்லின்கீழ் அடங்கிவிட்டன. வெளிப்புறம் என்பது படம் எடுப்பவனின் சொல். கூரைக்கு வெளியே உள்ள அனைத்தும் அவனுக்கு வெளிப்புறமே. அங்கு உழைப்பவனுக்கோ அது தொழிற்களம்.

விளம்பரப் படமென்றால் இக்குறை தவிர்க்கமுடியாதது எனச் சிலர் வாதிடலாம். எமது நாட்டின் சினிமா வரலாறு அவ்வாதத்துக்கு முழுமையாக இடந்தரவில்லை. பசில் றைற் நெறிப்படுத்தி 1934இல் உருவான 'சோங் ஒஃப் சிலோன்', இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் எடுக்கப்பட்டது. ஜோன் கிரியர்சன் அதன் தயாரிப்பாளர். தேயிலைக்குச் சந்தை தேடுவதே சபையின் நோக்கம். ஆயினும், வணிகத்தின் குரல்கள் எனப் பெயரிடப்பட்ட அதன் மூன்றாம் பகுதியில், உழைப்பின் காட்சிகளுக்கு மேலாகச் சந்தை விலைகளும் வணிகச் செய்திகளும் ஒலிக்கின்றன. காண்பது இலங்கை, கேட்பது இலண்டன். குடியேற்ற நாட்டின் உழைப்புக்கும் ஏகாதிபத்தியச் சந்தைக்கும் உள்ள உறவு, ஒலியும் காட்சியும் இணைக்கப்பட்ட முறையினாலேயே புலனாகின்றது. அதன் எல்லையையும் நாம் மறத்தலாகாது. தேயிலை கொய்யும் பெண்கள் அதிலே தோன்றுகின்றனர், அவர்கள் பேசுவதில்லை. விவரணக் குரல் லயனல் வென்ற்டினுடையது. 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலே அவ்விவரணத்துக்கு ஆதாரம். எனினும், பணங்கொடுப்போர் வேண்டியதற்கு மேலாகவும் ஒரு விளம்பரப் படம் சொல்லமுடியும் என்பதை அது காட்டிற்று.

இனி ஒளிப்பதிவு நடைபெற்ற இரு நாட்களை நோக்குவோம். ஓகஸ்ட் மாதத்துக் கடற்கரை வெறுமையாகக் கிடந்தது. யாரையும் விலகும்படி கேட்கவேண்டியிராமையால் மாணவர் மகிழ்ந்தனர். நீண்ட மணற்பரப்பிலே ஆறு மாணவர் கடலை நோக்கி ஓடுகின்றனர். படத்தின் முதற்காட்சி இதுவே. பார்ப்பவருக்கு இவ்வெறுமை இயற்கையின் தூய்மையாகத் தோன்றும். உண்மையில் அது தொழிற் பருவத்தின் விளைவு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால், மீன்பிடி பெரிதும் புத்தளம் களப்புக்குள் ஒடுங்குகின்றது. கடற்கரையின் வாடிகள் பல ஆளற்றுப் போகின்றன. ஒக்டோபருக்குப் பின்னர் கடல் தணியும்போது வள்ளங்களும் வலைகளும் திரும்புகின்றன. தெற்கே உடப்புக் கரையிற் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்களுக்கு உரிய பருவமும் அதுவே. மேற்குக் கடலை மீனவனுக்கு அடைத்துவிடும் அதே காற்றுத்தான், பட்டத்தைப் பற்றிக்கொண்டு நீர்மேற் சறுக்கி விளையாட வெளிநாட்டவரைக் கற்பிட்டிக்கு அழைத்துவருகின்றது. அவ்விளையாட்டு மாணவர் படத்திற் பதினான்கு செக்கன் இடம்பெறுகின்றது. அதே வேளையிற் களப்பில் வலை வீசிக்கொண்டிருந்தோர் ஒரு செக்கனேனும் இடம்பெறவில்லை.

சட்டகத்துக்குள் எது வரவேண்டும், எது வரலாகாது என்பதும் இவ்வாறே முடிவாயிற்று. மாம்புரியில் 2010இல் இயங்கத் தொடங்கிய காற்றாலைகளின் வெண்ணிறச் சுழலிகள் படத்தில் அழகுற அமைந்துள்ளன. அதே தீபகற்பத்தில், நுரைச்சோலையில், 2011இல் முதல் அலகு தொடங்கப்பெற்று மூன்று அலகுகளாக 900 மெகாவாற்று வலுக்கொண்ட நிலக்கரி மின்னிலையம் உள்ளது. அதன் புகைபோக்கி சட்டகத்துள் வந்தபோது கமெரா சற்றே திருப்பப்பட்டது. காரணம் கேட்டபோது, "அது காட்சியின் வடிவைக் கெடுக்குது, சேர்" என்றார் ஒளிப்பதிவு செய்த மாணவர். வடிவு என்பது யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வியை அன்று நாம் அவரிடம் கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

மாணவர் கடலை நோக்கி ஓடிய அக்கரைக்கு, கடலிலிருந்து வந்திறங்கியோரும் உளர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் வள்ளங்களிற் கற்பிட்டிக்கே வந்து சேர்ந்தனர். உடைமைகளை இழந்து வந்த அவர்களுட் பலர் இப்பிரதேசத்தின் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் நாட்கூலிக்கு உழைக்கலாயினர். அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகளும் ஓடியவர்களுள் இருந்தனர். அவர்தம் பாட்டனும் பாட்டியும் கால்வைத்த மணல், அவர்களுக்கே வெறும் பின்னணியாகத் தோன்றும் வண்ணம் எமது கல்வி அவர்களைப் பழக்கியிருக்கின்றது.

இதே கற்பிட்டிக் கரையில் 1970களில் வேறொரு கமெராவும் நின்றது. தர்மசேன பத்திராஜவின் 'பம்பரு அவித்' 1978இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர், 'பொன்மணி' (1977) என்னும் தமிழ்ப் படத்தை நெறிப்படுத்தியவர் என்ற வகையில் அவர் எமது வாசகருக்கு அறிமுகமானவரே. நகரத்திலிருந்து வரும் விக்டரும் நண்பரும் மீன் வியாபாரத்தில் நுழைகின்றனர். அதுவரை அக்கிராமத்தில் ஆதிக்கம் செலுத்திவந்த அன்ரனுடன் முரண்படுகின்றனர். ஹெலன் என்னும் பெண்ணைச் சூழ்ந்து அம்முரண்பாடு வன்முறையாக வெடிக்கின்றது. நாம் வலியுறுத்த விரும்புவது, அப்படத்திற் கடற்கரை பின்னணியன்று என்பதையே. தொழிற்கருவி யாருடையது, மீனுக்கு விலை வைப்பவன் யார் என்பன தெரிந்த பின்னரே காதலும் பகையும் அங்கு பொருள்பெறுகின்றன. மணலும் கடலும் மாணவர் படத்திலுள்ளவையே. ஆனால் பத்திராஜவிடம் அவை உடைமை உறவுகளின் களமாகியுள்ளன.

மாணவர் உழைப்பாளரை அடியோடு மறந்தனர் என்று கூறுதல் நியாயமாகாது. இரண்டாம் நாள், பாலாவி உப்பளத்தில் உப்பு வழித்துக் குவித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவருடன் மாணவி ஒருவர் தாமாகவே சென்று உரையாடினார். வெயிலும் காற்றும் கூடினால் உப்பு நன்றாக விளையும், உடம்பு கெடும் என்றார் ஒருவர். மகள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்பதற்காகவே அவளைப் படிக்க அனுப்புவதாகச் சொன்னார் மற்றவர். ஆறு நிமிட உரையாடல் அது. ஒலிவாங்கிக்குக் காற்றுத்தடுப்பு உறை கொண்டுவரப்படாமையால் சொற்களுக்கு மேலாகச் சோளகம் இரைந்தது. தொகுப்பின்போது அவ்வுரையாடல் முற்றாக நீக்கப்பட்டது. உப்புக் குவியலின் காட்சி மட்டும், இசை பின்தொடர, நான்கு செக்கனுக்கு எஞ்சியது.

இதனை வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை எனக் கொள்ளலாமா? அதே காற்று, கடற்கரையில் நின்று கமெராவை நோக்கி மாணவர் பேசிய பேச்சையும் கெடுத்திருந்தது. அப்பேச்சு மூடிய அறையொன்றில் மீண்டும் பதிவுசெய்யப்பட்டு, உதட்டசைவுக்குப் பொருந்துமாறு இரண்டு நாட்கள் செலவிட்டுச் சேர்க்கப்பட்டது. மாணவரின் பேச்சுக்கு மறுபதிவு கிடைத்தது. உப்பளப் பெண்ணின் பேச்சுக்குக் கிடைக்கவில்லை. பாலாவிக்கு மீண்டும் ஒருமுறை சென்றுவரலாம் என எவரும் கூறவில்லை, நாமும் கூறவில்லை. உழைப்பாளியின் குரலை அடக்கவேண்டுமென எவரும் தீர்மானிக்கவில்லை என்பது உண்மையே. ஆயின், யாருடைய குரலை மீட்பதற்கு நேரம் செலவிடலாம் என்பது எம்மையறியாமலே முன்னர் தீர்மானிக்கப்பட்டிருந்தது. கருத்தியல் தொழிற்படும் முறை இதுதான். விருப்பு வெறுப்பாக அன்றி, வசதியாகவும் வழக்கமாகவுமே அது எம்மிடம் வருகின்றது.

தொகுப்பும் ஓர் உழைப்பே என்பதை ட்சிகா வேர்ட்டோவ் 1929இல் வெளிவந்த 'கமெராவுடன் ஒரு மனிதன்' என்னும் படத்திற் காட்டினார். எலிசவேத்தா ஸ்விலோவா மேசைமுன் அமர்ந்து படச்சுருளைத் தொகுக்கும் காட்சி அப்படத்திலேயே இடம்பெறுகின்றது. மாணவர் படத்தில் இத்தகைய காட்சி ஒன்றேனும் இல்லை. வெயிலிற் கருவி சுமந்ததும், இரவிரவாகத் துண்டங்களை ஒட்டியதும் மறைக்கப்பட்டு, ஓட்டமும் சிரிப்புமே எஞ்சியுள்ளன. ஊடகத் தொழிலைக் கற்பிக்கும் நிறுவனமொன்றின் விளம்பரத்தில் அத்தொழிலே காணப்படவில்லை. பிறர் உழைப்பைக் காணப் பழகாத கண் தன் உழைப்பையும் காண்பதில்லை.

இக்குறைக்குப் பரிகாரமாக, வர்க்க முரண்பாடு பற்றிய விளக்கவுரையொன்றைப் பின்னணியிற் சேர்க்கலாம் என எம்போன்றோர் எண்ணக்கூடும். அதற்கெதிரான எச்சரிக்கையும் 'பம்பரு அவித்'திலேயே உண்டு. வீரசேன என்னும் இடதுசாரி இளைஞன் கிராமத்தவருக்குப் பிரசங்கம் செய்கின்றான்; கேட்டுநின்றோர் கலைந்து செல்கின்றனர்; அவன் பேசிக்கொண்டேயிருக்கின்றான். மார்க்சியம் பேசும் விமர்சகர் யாவரும் மனத்திருத்தவேண்டிய காட்சி அது. எமது கமெரா உழைப்பாளரைக் காணவில்லை. வீரசேனவோ கண்டும் அவர்களிடம் எதனையும் கேட்கவில்லை. இரண்டினாலும் கரை வெறுமையே ஆகின்றது.

எனவே நாம் முன்வைப்பவை எளியவை. காட்சி அட்டவணையில் ஆறாவது நிரலாகத் தொழில் இடம்பெறவேண்டும். படமெடுக்கும் நாளைத் தீர்மானிக்கையில் வெளிச்சத்தின் பருவத்தோடு உழைப்பின் பருவமும் கணக்கிலெடுக்கப்படல் வேண்டும். பதிவாகாத குரலைத் தேடி மீண்டும் செல்லவேண்டும். தொகுத்த வடிவத்தை, அதிலே தோன்றுவோர் முதலிற் பார்த்துக் கருத்துக்கூற வாய்ப்பளித்தல் வேண்டும்.

படம் ஏற்கெனவே வெளியாகிவிட்டது. பலரும் விரும்பிப் பார்த்துள்ளனர். மகளைப் படிக்க அனுப்புவதற்கு அத்தாய் கூறிய காரணத்திலும் சிறந்த விளம்பர வாசகம் எமது நான்கு மணிநேரப் பதிவில் வேறெங்கும் இல்லை. அதனையே நாம் வெட்டியெறிந்தோம். இக்குறிப்புகளை மாணவரிடம் வாசித்துக்காட்டியபோது சிலர் மறுத்தனர், சிலர் மௌனமாயிருந்தனர். உப்பளத்தில் உரையாடிய மாணவி மட்டும், கடல் தணிந்தபின் எடுக்கவேண்டிய இரண்டாவது படத்திற்கென அட்டவணையொன்றைப் பின்னர் எம்மிடம் கொண்டுவந்தார். அதில் ஆறு நிரல்கள் இருந்தன. ஆறாவதில் எழுதப்பட்டிருந்ததை முழுவதும் வாசித்த பின்னரே இம்முறை நாம் ஒப்பமிட்டோம்.