வாளின் தலையில் கட்டிய பழி

சென்ற மாதம் ஒரு வாசகர் சந்திப்பில் பேச்சு மிகுபுனைவுக் கதைகள் பக்கம் திரும்பியது. கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, 'வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டில் வரும் அர்தாஸுக்காக வாதாடினார். "அவன் நல்லவன்தான் சார். அந்த வாளைத் தொட்ட பிறகுதான் கெட்டுப்போனான்" என்றார். பலரும் தலையாட்டினார்கள். இந்த வாதத்தோடு எனக்கு இருபது வருடத்துக்கு மேலாகச் சண்டை. அன்றைக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை.

மனத்தைக் கெடுக்கும் மாய ஆயுதம் என்பதே மட்டமான கற்பனை என்று நான் சொல்லவில்லை. 1961இல் மைக்கேல் மூர்காக் உருவாக்கிய எல்ரிக், உடம்பில் தெம்பில்லாத அரசன். ஸ்டார்ம்பிரிங்கர் என்ற வாள் பிறர் உயிரைக் குடித்து அவனுக்குத் தெம்பு தருகிறது. அவன் காதலித்தவளையும் அதே வாள் குடித்துவிடுகிறது. அதைக் கடலில் வீசியெறிந்தவன், பிறகு தானே நீந்திப்போய் எடுத்துக்கொள்கிறான். போதைக்கு அடிமைப்பட்டவனின் அவஸ்தையை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன கதைகள் குறைவு. டோல்கீனின் மோதிரமும் மனத்தைத் திரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே கண்டால்ஃப் வேண்டாம் என்கிறார், கலாட்ரியல் வேண்டாம் என்கிறாள், தோட்டக்காரன் சாம்கூடக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறான். வேண்டாம் என்று சொல்ல வழி இருப்பதால்தான் போரொமிர் தவறும்போது நமக்கு வலிக்கிறது. இவ்வளவையும் ஒத்துக்கொள்கிறேன்.

என் சண்டை இவற்றுக்குப் பின்னால் வந்த பழக்கத்தோடு. அதற்கு அர்தாஸை விடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 2002இல் 'வார்கிராஃப்ட் 3' வந்தபோது ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அதை ஆடி முடித்தேன். லார்டரான் நாட்டு இளவரசன் அர்தாஸ். ஒளியின் பெயரால் போரிடும் வீரர் அணியைச் சேர்ந்தவன், கையில் போர்ச்சம்மட்டி. ஸ்ட்ராத்ஹோம் நகரத்துக்கு அவன் வந்து சேர்வதற்குள் கொள்ளைநோய் கலந்த தானியத்தை மக்கள் சாப்பிட்டுவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர்கள் நடைபிணங்களாக எழுவார்கள். அதற்கு முன் அத்தனை பேரையும் கொன்றுவிடலாம் என்று அர்தாஸ் முடிவெடுக்கிறான். குருவாக இருந்த உதர் மறுக்கிறார். அவரைத் துரோகி என்று சொல்லி விரட்டுகிறான். அவனை நேசித்த ஜெய்னா, பார்க்கச் சகிக்காமல் திரும்பி நடக்கிறாள்.

அதன்பின் விளையாட்டு நம் கைக்கு வருகிறது. வீடுகளை இடிக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் வெளியே வருவார்கள், அவர்களைக் கொல்ல வேண்டும். எதிரி மால்கானிஸ் நூறு பேரைத் தன் பக்கம் சேர்ப்பதற்குள் நாம் நூறு பேரை முடித்திருக்க வேண்டும். திரையின் மூலையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கும். மௌஸைப் பிடித்திருந்த என் விரல் கூசியது இன்னும் நினைவிருக்கிறது. ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற வாள் இன்னும் கதைக்குள் வரவே இல்லை.

அடுத்து நடப்பது அதைவிட மோசம். மால்கானிஸைப் பழிவாங்க அர்தாஸ் வடக்கே பனிநாட்டுக்குப் படையோடு போகிறான். படை திரும்பிவர வேண்டும் என்று அரசாணை வருகிறது. வீரர்களுக்கு வீட்டு நினைப்பு, கப்பலை நோக்கி நடக்கிறார்கள். அர்தாஸ் கூலிப்படையை அமர்த்தி, அவர்கள் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் தன் கப்பல்களையே எரித்துவிடுகிறான். வீரர்கள் வந்து நிற்கும்போது, எரித்தவர்கள் இதோ என்று அந்தக் கூலிக்காரர்களைக் கைகாட்டிக் கொல்லச் சொல்கிறான். ஏவிய வேலையைச் செய்தவர்கள், ஏவியவன் வாயாலேயே குற்றவாளியாகிச் சாகிறார்கள். கூட நிற்கும் குள்ளன் முராடின் திகைத்துப்போகிறான். விளையாட்டுகளில் நான் பார்த்த ஆகக் கொடிய பொய் இதுதான். சொல்லுகிறவனுக்குத் தான் செய்வது என்னவென்று துல்லியமாகத் தெரியும்.

இதற்குப் பிறகுதான் குகை, எச்சரிக்கை, பனிக்குள் உறைந்த வாள். என் நாட்டைக் காக்க எந்தச் சாபத்தையும் சுமப்பேன் என்று சொல்லி எடுக்கிறான். வாள் அவன் ஆன்மாவைப் பிடுங்கிக்கொள்கிறது. ஊர் திரும்பும் இளவரசன்மேல் மக்கள் பூவிதழ் தூவுகிறார்கள். அரியணை மண்டபத்தில் வயதான தந்தையின்மேல் வாளைப் பாய்ச்சுகிறான். கிரீடம் உருண்டு விழுகிறது.

காட்சி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஆள் இல்லை. ஒரு நகரத்தைத் தன் சுயபுத்தியோடு கொன்றவன், பெற்ற தகப்பனைக் கொல்லும்போது புத்தியே இல்லாத கூடாக நிற்கிறான். கதையின் ஆகப் பெரிய பாவத்தை அவன் கையிலிருந்து எடுத்து இரும்பின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் பொறுமையாகக் கட்டிய மனிதனை எழுத்தாளர்கள் அந்தக் குகை வாசலில் கைவிட்டார்கள் என்றே சொல்வேன். வாள் இல்லாமல் அவன் அந்த மண்டபத்துக்குள் நுழைந்திருந்தால்? தந்தை "என்னப்பா செய்கிறாய்" என்று கேட்கும்போது பதில் சொல்ல ஒருவன் இருந்திருப்பான். அந்தப் பதிலை எழுதுவது கடினம். வாள் அந்தக் கடினத்திலிருந்து எழுதுபவரைக் காப்பாற்றிவிடுகிறது.

வாள் புதிதாக எதையும் புகுத்தவில்லை, உள்ளே இருந்ததைத்தான் வெளியே கொண்டுவந்தது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். உள்ளே இருந்ததுதான் வந்தது என்றால் வாள் எதற்கு? வாள்தான் கொண்டுவந்தது என்றால் கப்பல்களை எரித்தது யார்? இந்தச் சமாதானம் இரண்டு படகில் கால் வைக்கிறது. வாசகர் மனத்தில் கடைசியில் தங்குவது என்ன என்பதற்கு அந்த மாணவரே சாட்சி. ஸ்ட்ராத்ஹோமை அவர் மறந்துவிட்டார். வாள் நினைவிருக்கிறது.

டோல்கீனின் டூரின் கதையில் வரும் கருப்பு வாளைப் பாருங்கள். வார்த்த கொல்லனின் வன்மம் அதில் தங்கியிருக்கிறது என்று மெலியன் எச்சரிக்கிறாள். ஆனால் அது யாருடைய மனத்துக்குள்ளும் புகுவதில்லை. இருட்டில், கட்டு அறுக்க வந்த நண்பன் பெலெக்கை எதிரி என்று நினைத்து டூரின் கொல்கிறான். பின்னால் உண்மையைச் சொன்ன பிராண்டிரைக் கோபத்தில் வெட்டுகிறான். கடைசியில் சாகத் துணிந்து வாளிடமே கேட்கும்போது, வாள் பேசுகிறது. அநியாயமாகச் சிந்திய அந்த இருவரின் ரத்தத்தையும் அது நினைவு வைத்திருக்கிறது. பேசும் வாளைக் கதைக்குள் கொண்டுவந்தும், பழியை அதன்மேல் போடாமல், அதையே சாட்சியாக்கினார் டோல்கீன். பின்னால் வந்தவர்கள் அவரிடமிருந்து வன்மத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆயுதம் மனத்தைக் கெடுக்காதா என்று கேட்டால், கெடுக்கும். எப்படிக் கெடுக்கும் என்பதை வால்மீகியின் ஆரண்ய காண்டத்தில் சீதை சொல்கிறாள். தண்டகாரண்யத்து முனிவர்களுக்காக அரக்கரைக் கொல்வதாக ராமன் வாக்குக் கொடுத்தபின், பகையே இல்லாதவரைக் கொல்வது தகுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டு, ஒரு கதை சொல்கிறாள். தவசி ஒருவரிடம் இந்திரன் போர்வீரன் வேடத்தில் வந்து ஒரு வாளை அடைக்கலமாக வைத்துவிட்டுப் போகிறான். நல்ல வாள், அவ்வளவுதான். மந்திரம் எதுவும் அதில் இல்லை. நம்பிக் கொடுத்த பொருளாயிற்றே என்று தவசி அதைப் பத்திரமாகக் காக்கிறார். கிழங்கும் கனியும் தேடப் போகும்போதும் கையில் எடுத்துப்போகிறார். நாள்பட நாள்பட மனம் கொடுமைப்பக்கம் சாய்கிறது, தவம் நழுவுகிறது, நரகம் சேர்கிறார்.

தொடக்கம் எங்கே என்று பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. பேராசையோ கோபமோ இல்லை, ஒப்படைத்ததைக் காக்கும் நேர்மை! கிழங்கு தோண்டப் போகிறவருக்கு வாள் எதற்கு என்ற கேள்வியை அவர் முதல் நாள் தன்னிடம் கேட்கவில்லை, இரண்டாம் நாளும் கேட்கவில்லை. மாயவாள் ஒரு நொடியில் செய்துமுடிப்பதாகச் சொல்வதை இந்தச் சாதாரண வாள் பல நாள் எடுத்துக்கொண்டு செய்கிறது. அந்த நாட்கள்தான் கதை. சீதை சொல்வதை ராமன் அன்போடு கேட்கிறான், ஆனால் கொடுத்த வாக்கை விடுவதில்லை. திருமாலின் வில்லையும் வற்றாத அம்பறாத்தூணியையும் அகத்தியர் அவனிடம் கொடுப்பது இதற்குப் பிறகுதான்.

அடுத்த சந்திப்புக்கு அந்த மாணவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லேப்டாப்பை எடுத்துப்போய், அந்தக் கப்பல் கட்டத்தை அவரோடு உட்கார்ந்து மறுபடி ஆடப்போகிறேன். எரிகிற கப்பல்களுக்கு முன்னால் நின்று அர்தாஸ் கூலிக்காரர்களைக் கைகாட்டும் இடத்தில் நிறுத்தி, அவன் கையில் இருக்கும் சம்மட்டியைக் காட்ட வேண்டும்.