வைரஸ் போட்ட பிச்சையா நம்ம ஞாபகம்?

"மனுஷனோட ஞாபகசக்தியே வைரஸ் கொடுத்ததுதான்" என்று ஒரு வீடியோ வாட்ஸப்பில் சுற்றுகிறது. தஞ்சாவூரில் பிளஸ் டூ படிக்கிற அக்கா மகள் அனுப்பி, "நிஜமா மாமா?" என்று கேட்டாள். பாதி நிஜம்.

அந்தப் பாதியை வீடியோ நன்றாகவே சொல்கிறது. ஆர்க் என்ற மரபணுவை நீக்கிய எலிக்கு அப்போதைய ஞாபகம் இருக்கும், நாள்பட நிற்காது. 2018 ஜனவரியில் 'செல்' இதழில் யூட்டா, மாசச்சூசெட்ஸ் குழுக்கள் இன்னொன்றைக் காட்டின. ஆர்க் புரதங்கள் ஒன்றுகூடி வைரஸ் மாதிரியே கூடு கட்டி, உள்ளே ஆர்.என்.ஏ.வை வைத்து அடுத்த செல்லுக்கு அனுப்புகின்றன.

எனக்கு இடிப்பது 'கொடுத்தது' என்ற சொல். ஆர்க்கின் மூதாதை ஒரு ரெட்ரோடிரான்ஸ்போசான். தன்னை ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்து, திரும்ப டி.என்.ஏ.வாக்கி, வேறு இடத்தில் செருகிக்கொள்ளும் துண்டு. ரெட்ரோவைரஸுக்குச் சொந்தம்தான், ஆனால் அது பெருகியது தனக்காக. தாவும் திறனை இழந்து, நரம்புசெல் சொல்கிறபோது மட்டும் வேலைசெய்யப் பழகிய பிறகுதான் நமக்குப் பயன்பட்டது. பழ ஈயிலும் ஆர்க் உண்டு. அது தனியாக, வேறொரு துண்டிலிருந்து வந்தது. பாலூட்டிகளுக்கு மட்டுமே உரிய கதை வேண்டுமென்றால் எஸ்.ஐ.ஆர்.எச்.11 இருக்கிறது. நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் மட்டும் உள்ள மரபணு. அதை இழந்த எலிகள் நிதானம் இழந்தன என்று ஜப்பானியக் குழு 2015இல் காட்டியது. வீடியோவில் இது இல்லவே இல்லை.

அடுத்து, "டி.என்.ஏ.வில் குப்பையே கிடையாது" என்கிறார்கள். இது தப்பு. நம்ம ஊர் நெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் நெல்லின் முழு டி.என்.ஏ. வரிசை வந்தபோது (11ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இந்தியா படித்தது), மூன்றில் ஒரு பங்குக்குமேல் தாவும் துண்டுகள். கருப்பு அரிசிக்கு நிறம் தரும் காலா4 மரபணுவின் முன்பகுதி மாற்றத்தில் அப்படி ஒரு துண்டுக்கும் பங்குண்டு. ஆனால் அது ஆயிரத்தில் ஒன்று. விதைநெல் வயலில் பிடுங்கிப்போடும் கலவன் எல்லாம் புது ரகமாகிவிடுமா? மனித டி.என்.ஏ.வில் கிட்டத்தட்ட பாதி இந்த மாதிரி மிச்சங்கள். புரதம் தரும் மரபணுவாக வேலைக்கு வந்தவை மிகச் சில. வயலிலாவது பார்த்து எடுக்க ஆள் உண்டு, இங்கே அதுவும் இல்லை.

சொல்தானே என்று விடமுடியவில்லை. பி.என்.எம்.ஏ.2 என்ற மரபணுவும் இதே குடும்பக் கதைதான். மூளையில் இருக்கவேண்டிய அதன் புரதம் சிலரின் புற்றுக்கட்டியில் உருவாகிறது. அங்கே கட்டும் வைரஸ் போன்ற கூட்டை நோயெதிர்ப்பு சக்தி எதிரி என்று எடுத்துக்கொள்ள, அடி கடைசியில் மூளைக்கே விழலாம் என்கிறது 2024 ஆய்வு. 'கொடை' என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு இந்த நோய் எப்படிப் புரியும்?

அவளுக்கு எழுதிய பதில்: "கொடுக்கலைடா. வந்து ஒட்டிக்கிச்சு. ரொம்ப நாள் கழிச்சு வேலைக்கு ஆச்சு. பழைய புத்தி இன்னும் முழுசா போகல."